அருளண்ணை வழித்த தெரு

பனி விட்ட காலையில் நான் செய்த முதல் காரியம், இன்னொருவருடைய காரைக் கிண்டி எடுத்தது. ஒஸ்லோவின் ஓரத்து ஹவுகெட்டோவில் எங்கள் அடுக்குமாடிக்கு முன்னால் கார்கள் இல்லை, வெள்ளைக் குவியல்கள்தான் வரிசையாக நின்றன. இடப்பக்கத்திலிருந்து நாலாவது என்னுடையது என்று மனம் சொன்னதை நம்பி, இடுப்பளவு பனிக்குள் நின்று, முதுகு முறிய வழித்துக்கொண்டு போனால் உள்ளே சிவப்பு நிறம் தெரிந்தது. என்னுடைய கார் சாம்பல் நிறம். மூன்றாம் மாடிக்காரர் யன்னலைத் திறந்து நன்றி சொன்னார். முதலே யோசித்துச் செய்த தருமம் போல நானும் கையை உயர்த்திக் காட்டிவிட்டு, அடுத்த குவியலில் கைவைக்காமல் வீட்டுக்குள் வந்து படுத்துவிட்டேன்.

அந்தப் பனியில் எல்லாருடைய பிழையும் இவ்வளவு மலிவாக முடியவில்லை.

ஒஸ்லோச் சனம் பனிக்கு அசையாத சனம். ஆனால் அந்த முறை பனி கொட்டவில்லை, காற்றோடு சேர்ந்து எறிந்தது. எதிர்ப்பக்கக் கட்டடம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இரண்டு பகல் போனது. ரயில் நின்றது, பஸ் நின்றது. நெடுஞ்சாலையில் குழந்தைகளோடு காருக்குள் கிடந்தவர்களுக்குச் செஞ்சிலுவைக்காரர் போர்வை கொண்டுபோய்க் கொடுத்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். வடக்கே ஒரு மாட்டுத் தொழுவத்தின் கூரை பனிப் பாரத்தில் இறங்கி, உள்ளே நின்ற மனுசனையும் மாடுகளையும் கொன்றது. வாசல் பனியை வழித்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் கையிலிருந்த சவளோடு அப்படியே சாய்ந்துபோனார். நான் ஆஸ்பத்திரிச் சமையலறை ஒன்றில் உருளைக்கிழங்குக்குப் பொறுப்பானவன். தோல் சீவுவது இயந்திரம், இயந்திரம் விட்ட கண்களைத் தோண்டுவது நான். வேலைக்குப் போக வழியில்லாமல், நாட்டுக்கு என்னால் ஆகக்கூடிய உதவி படுத்திருப்பதுதான் என்று படுத்திருந்தேன்.

எனக்குக் கீழ்வீட்டில் இருக்கும் அருளானந்தனுக்கு அந்த வசதி இல்லை. அவர் தெருப் பனி வழிக்கும் லொறி ஓட்டுபவர். லொறிக்கு முன்னால் ஓர் ஆள் உயர இரும்புத் தகடு சரிவாகப் பூட்டியிருக்கும். தெருவில் கிடக்கும் பனியை அது வாரி வலப்பக்கம் எறிந்துகொண்டு போகும். எறிந்த பனி ஓரத்தில் மதிலாக ஏறும். கோடை முழுவதும் அவரை யாரும் தேடமாட்டார்கள். பனி விழுந்தால் எங்கள் அடுக்குமாடியே அவருக்கு வணக்கம் சொல்லும்.

அவருடைய மனைவி நேசமணியக்கா பாலர் பள்ளி ஒன்றில் வேலை. மகள் எமிலியா சட்டம் படிக்கிறாள். இன்னும் முடிக்கவில்லை, ஆனால் வீட்டில் எந்த வழக்கையும் இதுவரை தோற்றதில்லை. எனக்கும் அந்த வீட்டுக்கும் இரத்த உறவு ஏதும் கிடையாது. தனியாள் நான், பசி உறவு. அக்கா குழம்பு வைத்தால் மணம் படியேறி வரும், நான் படியிறங்கிப் போவேன்.

பனி விட்டு, சனம் தெருவுக்கு வரத் தொடங்கிய பிறகுதான் அந்த மனுசியைக் கண்டெடுத்தார்கள். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி, பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்து வளைவில், ஓரத்துப் பனி மதிலுக்குள். யாருடையதோ நாய் விடாமல் கிண்டியதாம். பெரித் என்று பெயர். வயதான மனுசி, தனியாக இருந்தவர். தலைத்தொப்பி, கையுறை, நல்ல சப்பாத்து எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தாராம்.

அந்த வளைவை வழித்தது அருளண்ணை.

பொலிஸ் இரண்டு தரம் கூப்பிட்டு விசாரித்தது. வழக்கு இல்லை, விசாரணை மட்டும்தான் என்று எமிலியா எல்லாருக்கும் விளங்கப்படுத்தினாள். உடலை வெட்டிச் சோதித்த முடிவு வரவேண்டும். மனுசி முதலே இறந்து பனி மூடிக் கிடந்தாரா, இல்லை உயிரோடு நின்றவரைத் தகடு அள்ளி எறிந்ததா என்பது அதில்தான் தெரியும். அதுவரை வேலைக்கு வரவேண்டாம், யாரோடும் இதைப்பற்றிக் கதைக்கவும் வேண்டாம் என்று கொம்பனி முதலாளி டானியல் சொல்லிவிட்டார். பத்திரிகையில் பெயர் இல்லாமல் ‘லொறிச் சாரதி ஒருவர்’ என்று நாலு வரி வந்தது. பெயர் போடாவிட்டால் என்ன, தமிழ்ச் சனத்துக்கு அன்று பின்னேரமே பெயர், ஊர், கலியாணம் கட்டிய இடம் எல்லாம் தெரிந்துவிட்டது. ஸ்தவாங்கரிலிருந்து நேசமணியக்காவின் தம்பி கிறிஸ்ரியன் தினமும் தொலைபேசி எடுத்தார். எண்ணெய்க் கிணறு தோண்டும் கொம்பனியில் எஞ்சினியர். ஆள் எதையும் ஒரு துளை போட்டுப் பார்க்காமல் விடமாட்டார். தகடு எத்தனை பாகை சரிவில் நின்றது, லொறி என்ன வேகத்தில் வந்தது என்று அவர் கேட்கக் கேட்க, அருளண்ணை தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். மிச்சக் கேள்விக்கு நான் பதில் சொல்வேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்பது கிறிஸ்ரியனுக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை.

அருளண்ணையால் இருக்க முடியவில்லை. கதிரையில் இருப்பார், எழும்புவார், யன்னலடிக்குப் போவார், திரும்ப வந்து வேறு கதிரையில் இருப்பார். அக்கா போட்ட தேத்தண்ணி மேசையில் ஆடை கட்டி நிற்கும். பிறகு சவளை எடுத்துக்கொண்டு வெளியே போவார். எங்கள் கட்டடத்துப் படி, குப்பைத் தொட்டியடி, சைக்கிள் கொட்டில், பிள்ளைகள் விளையாடும் ஊஞ்சலடி என்று எல்லாவற்றையும் தார் தெரியும்வரை வழித்தார். என் காரையும் கிண்டி எடுத்தார். நான் நன்றி சொல்லப் போனபோது நாலு சில்லுக்குக் கீழேயும் குனிந்து கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்கவந்த வாயை மூடிக்கொண்டேன்.

அன்றுதான் என்னிடம் சொன்னார்.

“ஏதோ ஒண்டு தட்டுப்பட்டதடா சவிரி.”

“கல்லாயிருக்கும் அண்ணை. ஓரத்துக் கட்டுக்கல்லு.”

“கல்லெண்டுதான் நானும் நினைச்சனான். கல்லெண்டு நினைக்க எனக்கு விருப்பமாயிருந்தது. பின்னாலை அம்புலன்ஸ் நிக்குது, லைற்றை அடிச்சு அடிச்சுக் காட்டுறான், நான் பாதை விட்டால்தான் அவனுக்குப் பாதை. இறங்கேல்லை. ஒரு நிமிசம் இறங்கிப் பார்த்திருக்கலாம்.”

இதைப் பொலிசுக்கும் சொல்லியிருக்கிறார். கேட்காமலே சொன்னாராம். டானியலுக்கு அதில் நல்ல கோபம். எமிலியா தலையில் கைவைத்தாள். எனக்கென்றால் அம்புலன்ஸில் போன ஆள் பிழைத்தாரா என்று கேட்கவேண்டும்போல இருந்தது. அதையும் கேட்கவில்லை. உருளைக்கிழங்கைத் தவிர வேறெதையும் தோண்டக்கூடாது என்பது என் கொள்கை.

அந்த நாட்களில் அவர் லொறியை மட்டுமல்ல, தன்னுடைய சொந்தக் காரின் திறப்பைக்கூடத் தொடவில்லை. நடந்தே திரிந்தார். எங்கே போகிறார் என்று எங்களுக்குத் தெரியாது. பிறகுதான் தெரிந்தது, பெரித்தின் வீட்டுத் தெருவால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் நடக்கிறார் என்று. ஒரு பகல் சாப்பாட்டு மேசையில் அவராகவே சொன்னார்.

“அந்த வீட்டிலை மனுசியின்ரை மகள் வந்து நிக்குது. வாசலிலை ஒரு மெழுகுதிரி. அவ்வளவுதான். ஒரு சனமும் வந்துபோனமாதிரி இல்லை. செத்த வீடெண்டால் இப்பிடியோ இருக்கிறது?”

இஞ்சை அப்படித்தான் என்று எமிலியா சொன்னாள். இறந்தவரை மண்டபத்தில் வைத்திருப்பார்கள், அடக்கம் வேறொரு நாளில் நடக்கும், அதற்கு அறிவித்தல் வரும், அன்றைக்குத்தான் சனம் போகும், அதுவும் தெரிந்த சனம். அழைக்காமல் வீட்டுக்குப் போவது மரியாதையில்லை.

“செத்த வீட்டுக்கு ஆர் அழைச்சுப் போறது, பிள்ளை?” என்றார் நேசமணியக்கா.

“அம்மா, விசாரணை முடியேல்லை. இப்ப அப்பா அங்கை போய் நிண்டால் பொலிஸ் என்ன நினைக்கும்? தான்தான் செய்தனெண்டு ஒப்புக்கொள்ள வந்தமாதிரி இருக்கும்.”

“போகாமல் ஒளிச்சிருந்தால் நல்லவனெண்டு நினைக்குமோ?”

“சட்டம் அப்பிடியில்லை அம்மா.”

“நான் சட்டம் கதைக்கேல்லை. தாயைப் பறிகுடுத்த பிள்ளை ஒண்டு தனிய அடுப்படியிலை நிண்டு கோப்பி ஊத்திக் குடிக்குது. ரெண்டு தெருவுக்கு இஞ்சாலை நாங்கள் இருந்து கத்தரிக்காய் சாப்பிடுறம்.”

எல்லாரும் தட்டைப் பார்த்தோம். நான் வாயிலிருந்த கத்தரிக்காயை மெல்வதா விழுங்குவதா என்று தெரியாமல் வைத்திருந்தேன். அருளண்ணை கை கழுவ எழுந்தார். எமிலியா தன் வாழ்நாளின் முதல் வழக்கைத் தோற்றுவிட்டாள் என்று எனக்கு விளங்கியது.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அயலார்தான் சமைத்துக் கொடுக்கவேண்டும் என்பது நேசமணியக்காவுக்கு வேதம். மீன் இல்லை, இறைச்சி இல்லை. சோறு, பருப்பு, மிளகாய் குறைத்த உருளைக்கிழங்குப் பால்கறி, பப்படம். பெரிய பானை நிறையச் சமைத்தார். இது ஓராளுக்கா என்று கேட்டேன். சனம் வந்தால் என்றார். சனம் வராதென்றுதானே போகிறோம் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார், நான் போய்க் காரைச் சூடாக்கினேன். அண்ணை ஓட்டமாட்டார் என்பதால் சாரதி நான். நடந்தால் பத்து நிமிடப் பாதைதான், ஆனால் பானைக்குக் கார் வேண்டியிருந்தது. பெரிய பிளாஸ்கில் இஞ்சிக் கோப்பி. அக்கா வெள்ளைச் சேலை, மேலே தடித்த பனிக்கோட்டு. இருக்கக் கதிரை பத்தாவிட்டால் என்று சமூகக் கூடத்து மடக்குக் கதிரைகள் சிலவற்றைக் காருக்குள் ஏற்றப் போனேன். எமிலியா ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள். அவளும் வந்தாள். அப்பாவைத் தனிய விட ஏலாது என்றாள்.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கரோலினா என்று பிறகு பெயர் சொன்னாள். லில்லெஸ்ட்ரோமில் இருந்து வந்து தாயின் வீட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தவள். வாசலில் பானையோடு ஒரு வெள்ளைச் சேலை, பிளாஸ்கோடு ஒரு கட்டையன், வாயை இறுக்கிக்கொண்டு ஓர் இளம்பெண், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு ஒரு பெரிய மனுசன். எங்களை எந்தச் சபைக்காரர் என்று நினைத்தாளோ தெரியாது. தனக்கு மதத்தில் நாட்டமில்லை என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்தப் போனாள்.

அப்போது அருளண்ணை சொன்னார். முப்பது வருசமாக லொறியில் தனியே இருந்து பேசிப் பழகிய நோர்வே மொழியில், சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“உங்கடை அம்மா கிடந்த தெருவை வழிச்சது நான்.”

கரோலினாவின் கை கதவிலேயே நின்றது. காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. எமிலியா ஏதோ சொல்ல வாயெடுத்து, தகப்பன் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். நான் பிளாஸ்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன். கடைசியில் கரோலினா ஒதுங்கி வழிவிட்டாள்.

உள்ளே பாதிப் பெட்டிகள் கட்டியபடி கிடந்தன. நேசமணியக்கா கேட்காமல் குசினிக்குள் போய், கோப்பை தேடி எடுத்து, கோப்பி ஊற்றினார். கரோலினா ஒரு வாய் குடித்தாள். இஞ்சி அவளுக்குப் புதிது, கண் கலங்கியது. இஞ்சிதான் என்று முதலில் நினைத்தேன்.

அவள் சொன்னதை என் தமிழில் தருகிறேன். உருளைக்கிழங்குக்காரன் மொழிபெயர்ப்பு, தோண்டாத கண்கள் சில இருக்கும். பனி தொடங்கிய அன்று பின்னேரம் தான் வருவதாகத் தாய்க்குச் சொல்லியிருந்தாளாம். அம்மா தனியாகப் பயப்படுவா, கூட இருக்கலாம் என்று. பிறகு லில்லெஸ்ட்ரோமில் ரயில் நின்றுவிட்டது. வரவில்லை என்று கைத்தொலைபேசியில் எழுதி அனுப்பினாள். தாய் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமல் தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, மகள் ரயிலிறங்கி வரும் பஸ்ஸைப் பார்க்கத் தரிப்பிடத்துக்கு வந்திருக்கிறா.

“ஒரு அழைப்பு எடுத்திருக்கலாம்,” என்றாள். “எடுத்தால் அம்மா கனநேரம் கதைப்பா. எனக்குக் களைப்பாக இருந்தது. எழுதி அனுப்பிவிட்டுப் படம் பார்த்தேன்.”

பிறகு அவள் அருளண்ணையைப் பார்த்தாள்.

“நான் ஒவ்வொரு நாளும் நீங்களாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் லொறியாக இருக்கவேண்டும் என்று. முகம் தெரியாத ஆளாக இருந்தபோது அது சுகமாக இருந்தது. நீங்கள் ஏன் வந்தீர்கள்?”

அருளண்ணை மகளைத் திரும்பிப் பார்த்தார். “செத்த வீடெண்டு சொல்லு,” என்றார். எமிலியா அதை எப்படிச் சொல்வது என்று கொஞ்சநேரம் யோசித்தாள். எங்கள் வழக்கத்தில் தனியே அழ விடமாட்டார்கள் என்று சொன்னாள். கரோலினா மேசையில் முகத்தைக் கவிழ்த்தாள். நேசமணியக்கா கதிரையை இழுத்து அருகில் போட்டு, முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் பப்படப் பையைப் பிரித்துவைத்தேன். செய்ய வேறென்ன இருந்தது?

திரும்பி வந்தபிறகும் அண்ணை இருந்தபாடில்லை. இன்னும் மோசம். முன்பு ஒரு பயம்தான், இப்போது இரண்டு. தகடென்று முடிவு வந்தால் அவர் தலையில் விழும். தகடில்லை என்று வந்தால் அந்தப் பிள்ளையின் தலையில் விழும். எதைக் கேட்டுச் செபிப்பது என்று தெரியாமல் நேசமணியக்கா மாதா சுருவத்துக்கு முன்னால் செபமாலையை வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தார்.

முடிவு வந்தது. எமிலியா காதில் தொலைபேசியோடு நின்று, ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு வந்து சொன்னாள். தரிப்பிடத்தடியில் மனுசிக்கு நெஞ்சு நின்றிருக்கிறது. லொறி வருவதற்குக் கனநேரம் முன்னமே. விழுந்த இடத்தில் பனி மூடிவிட்டது, லொறி எறிந்த பனி அதற்கு மேல் ஏறியிருக்கிறது. உடம்பில் தகடு பட்ட அடையாளமே இல்லை. தட்டுப்பட்டது கட்டுக்கல். அது உடைந்து கிடந்ததைக் கண்டெடுத்திருக்கிறார்கள்.

அக்கா அழுதார். டானியல் எடுத்து, திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்றார், ஒன்றும் வராது என்று அவர் முதலே சொன்னவராம். கிறிஸ்ரியன் எடுத்து, கட்டுக்கல் என்று தான் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். நான்தான் முதலில் கல் என்றவன், ஆனால் அதை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை.

அருளண்ணை சிரிக்கவில்லை.

“அந்தப் பிள்ளைக்கும் இதைச் சொல்லியிருப்பினமே?” என்று கேட்டார்.

“ஓம் அப்பா. அவைக்குத்தான் முதல் சொல்லுறது.”

“அப்ப இண்டைக்கு அது நித்திரை கொள்ளாது.”

மறுநாள் கரோலினா எமிலியாவுக்கு எடுத்தாள். அண்ணை தொலைபேசியை வாங்க மாட்டேன் என்றார். என்ன முகத்தோடு கதைப்பது, நான் தப்பிவிட்டேன் என்று சொல்வதா என்றார். கரோலினா அதைப்பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. அடக்கத்தில் அம்மாவின் பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும், தன்னிடம் மூன்று பேர்தான் இருக்கிறார்கள், வருவீர்களா என்று கேட்டாள்.

அண்ணை ஒன்று, நான் இரண்டு. மூன்றாவது யார் என்று யோசிக்க, எமிலியா தான் என்றாள். பெண்பிள்ளை பெட்டி தூக்குவதா என்று நேசமணியக்கா தொடங்கினார். இங்கே பெண்களும் தூக்குகிறவர்கள்தான் என்றாள் எமிலியா. அக்கா தன்னுடைய கறுப்புக் கோட்டை எடுத்து மகளுக்குப் போட்டு, கழுத்துவரை பொத்தான் பூட்டிவிட்டார்.

அடக்க நாளில் வெயில் எறித்தது. தேவாலயத்திலிருந்து புதைகுழிக் கிடங்கு வரைக்கும் பனிக்குள் ஒரு ஒடுக்கமான பாதை வெட்டியிருந்தார்கள், இரண்டு பக்கமும் நெஞ்சளவு மதில். கறுப்பு உடுப்புப் போட்ட ஒழுங்கமைப்பாளர் எங்கள் மூவரையும் இடப்பக்கம் நிறுத்தினார். அண்ணை முன்னால், நான் நடுவில், எமிலியா பின்னால். வலப்பக்கம் கரோலினாவின் இரண்டு மச்சான்மாரும் ஒரு பக்கத்துவீட்டுக்காரரும். பெட்டியில் கைப்பிடிகள் இருந்தன. கைப்பிடியைப் பிடித்து இடுப்பளவில் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும் என்று அந்த மனுசர் மெல்லச் சொன்னார். நான் கேட்டேன். அண்ணை கேட்டாரோ தெரியாது.

தூக்கச் சொன்னதும் வலப்பக்கக்காரர் கைப்பிடியில் தூக்கினார்கள். அருளண்ணை கைப்பிடியைத் தொடவேயில்லை. பெட்டிக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, ஒரே எடுப்பில் தோளில் வைத்தார். அவர் வைத்தால் நானும் வைப்பேன், யோசிப்பது என் பழக்கமில்லை. எமிலியா இந்த ஊரில் பிறந்தவள், சரியான முறை தெரிந்தவள். தெரிந்துகொண்டே தோளில் வைத்தாள். பெட்டி வலப்பக்கம் சரிந்தது. மேலே இருந்த பூக்கள் வழுக்கின. ஒழுங்கமைப்பாளர் முகம் பனியின் நிறத்துக்கு வந்துவிட்டது. மச்சான்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“இறக்க வேண்டாம்,” என்றாள் பின்னால் நின்ற கரோலினா. மச்சான்மாரைப் பார்த்து, “நீங்களும் உயர்த்துங்கள்.”

அவர்கள் உயர்த்தினார்கள். பெட்டி நேரானது. ஆறு பேரிலும் நான்தான் கட்டை. மற்ற ஐந்து தோளிலும் இருந்த பெட்டி என் தோளுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. கையை உயர்த்தி அடிப்பலகையில் விரல் படவைத்துக்கொண்டு, பாரம் சுமப்பவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு நடந்தேன்.

பாதை கண்ணாடிபோல இருந்தது. எனக்கு முன்னால் அருளண்ணை ஒவ்வொரு அடியாக, சப்பாத்தைப் பக்கவாட்டில் ஊன்றி ஊன்றி வைத்தார். கன்னத்தைப் பெட்டியோடு ஒட்டவைத்து ஏதோ மெல்லச் சொல்லிக்கொண்டே போனார்.

“பார்த்து, பார்த்து. வழுக்கும். மெள்ளப் போவம், அவசரமில்லை.”

“ஓம் அண்ணை,” என்றேன்.

“உனக்கில்லை,” என்றார்.